நாலு சொட்டு ரத்தம்

காலை ஆறே முக்காலுக்குச் சிட்டுவின் அம்மா ஓர் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சமையல் மேடையில் இருந்த சின்னத் தராசு ஐம்பத்து மூன்று கிராம் என்று காட்டியது. வேண்டியது ஐம்பது. ஓரத்தில் ஒரு சீவல் சீவினாள், ஐம்பத்தொன்று. இன்னொரு சீவல், நாற்பத்தெட்டு. சீவியதில் கொஞ்சத்தைக் கிள்ளி மறுபடி தராசில் வைத்தாள். நகைக் கடைக்காரர்கூடத் தங்கத்தை இத்தனை பொறுமையாக நிறுக்க மாட்டார்.

"அண்ணி, நீங்க குழந்தைக்குச் சமைக்கிறீங்களா, இல்ல மருந்துக் கடை நடத்துறீங்களா?" என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள். கேலிக்குக் கேட்டதுதான். ஆனால் உண்மையில் அந்தச் சமையலறையில் இரண்டும் நடந்தது.

ஆறு வயதுச் சிட்டுவுக்குப் பிறவியிலேயே ஒரு குறை. சாப்பிடும் புரதத்தில் ஒரு பகுதியை உடைத்துச் செலவழிக்கும் சக்தி அவள் உடம்புக்கு இல்லை. அப்பாவும் அம்மாவும் தங்களுக்கே தெரியாமல் ஆளுக்குப் பாதியாக அந்தக் குறையைச் சுமந்துவந்து, மகளிடம் முழுசாகச் சேர்த்துவிட்டார்கள். உடையாத அந்தப் பகுதி ரத்தத்தில் சேரச் சேர மூளை மந்தமாகும். ஆகவே முட்டை, மீன், இறைச்சி, பருப்பு எதுவும் கூடாது. பால், சோறு, கிழங்கு எல்லாம் அளந்துதான். ஒரு கிராம் புரதம் ஒரு பங்கு. சிட்டுவுக்கு ஒரு நாளைக்கு ஆறு பங்கு. உடம்பு வளர்வதற்கு மீதி வேண்டியதை டின்னில் வரும் ஒரு மாவு தரும். அதைத் தண்ணீரில் கலக்கி மூன்று வேளையும் குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் உடம்பு தன் தசையையே கரைக்கும், அந்த உடையாத பகுதி ரத்தத்தில் இன்னும் கூடும். அந்த மாவு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "ஊறப்போட்டு மறந்துட்ட சாக்ஸ் மாதிரி" என்பாள் சிட்டு.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை. விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து. தடித்த காகித அட்டையில் அச்சிட்ட நான்கு வட்டங்களில் நாலு சொட்டு ரத்தம். அதை உலர வைத்து, மூன்று நாள் சாப்பாட்டை எழுதிய தாளோடு கவரில் போட்டு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நாலைந்து நாளில் அங்கிருந்து உணவு ஆலோசகர் ஃபோன் செய்வார். வீட்டில் அவருக்கு 'டயட் மேடம்' என்று பெயர். ரத்தத்தில் உடையாமல் சேர்ந்ததைக் காட்டும் எண் நூற்றிருபதுக்கும் முந்நூற்றறுபதுக்கும் நடுவில் இருந்தால் நல்லது. கூடினால் பங்கைக் குறைப்பார், குறைந்தால் கூட்டுவார். அவர் கையில் இருப்பது அந்த ஓர் எண்தான்.

போன இரண்டு முறையும் எண் சரியில்லை. முதலில் ஐந்நூற்று நாற்பது. அப்புறம் அறுநூற்றுத் தொண்ணூறு. காரணம் அம்மாவுக்குத் தெரியும். பள்ளிக்கு அனுப்பும் மதிய வேளை மாவுத் தண்ணீர் பாட்டில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்தது. மாலையில் அதைக் குடிக்கவைக்கப் போராடத் தெம்பில்லாமல் தொட்டியில் கொட்டிவிட்டு, தாளில் 'குடித்தாள்' என்று எழுதினாள். பக்கத்துவீட்டுப் பிறந்தநாளில் சிட்டு கேக்கை எடுத்தபோது பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். அதையும் எழுதவில்லை.

டயட் மேடம் திட்டவில்லை. "வீட்டுல ஏதாவது மாறியிருக்காம்மா?" என்றுதான் கேட்டார். அவளுக்கோ, நீயெல்லாம் ஓர் அம்மாவா என்று கேட்டதுபோல் முகம் சுருங்கிவிட்டது. சிட்டுவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இதுக்கு மேல எப்படிப் பாத்துக்கறது? நீதானே கூட இருக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சாதாரணமாகச் சொன்னார். அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஆகவே இந்தக் காலை அவளுக்கு வெறும் ரத்தப் பரிசோதனையாக இல்லை, பரீட்சையாக இருந்தது. தோற்கப்போகிற பரீட்சை என்றும் தெரிந்திருந்தது.

"சிட்டு, விரலக் குடு. எறும்பு கடிக்கிற நேரம்தான்."

"எறும்பு இவ்ளோ பெருசா இருக்குமா?" சிட்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைந்துகொண்டாள். காலைப் பிடித்து இழுத்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கை கிடைத்தபோது உயிர்போகிறாற்போல் கத்தினாள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மணி ஏழரை. அட்டை உலரவேண்டும், ஒன்பது மணிக்கு அவள், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கவேண்டும்.

அம்மா மகளின் கையை விட்டுவிட்டாள். ஊசி அவளிடமே இருந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தன் மோதிர விரலில் குத்தி, நான்கு வட்டங்களையும் நிரப்பினாள். ஒரே ஒரு தடவை, அடுத்த இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு உண்மையை அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அவளை மட்டும் குறை சொல்லி என்ன? சர்க்கரை நோய்க்காரர் பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் இருந்துவிட்டு, "பாத்தீங்களா டாக்டர், கன்ட்ரோல்ல இருக்கு" என்று மார்தட்டுவதில்லையா? டாக்டரை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தோடு வீடு திரும்புகிறவர்களின் கூட்டத்தில் அன்று ஓர் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். ஒரே வித்தியாசம், அவர்கள் பந்தயம் வைப்பது சொந்த உடம்பை. இவள் வைத்தது மகளின் மூளையை.

ஐந்தாம் நாள் ஃபோன் வந்தது.

"அம்மா, எண் ஐம்பத்தெட்டு வந்திருக்கு" என்றார் டயட் மேடம். குரலில் சந்தோஷத்தைவிட யோசனைதான் அதிகம் இருந்தது. "அறுநூத்தி தொண்ணூறுலேருந்து இவ்ளோ இறங்கியிருக்கு. நீங்க எழுதி அனுப்பின சாப்பாட்டையும் பாத்தேன், ரொம்ப ஒழுங்கா இருக்கு. ஆனா இது ரொம்பக் கம்மி. வளர்ற குழந்தைக்கு இதுவும் ஆகாது. இப்போதைக்கு ஒரு பங்கு கூட்டுங்க, முப்பது மில்லி பால் கூடுதலாக் குடுங்க. அடுத்த வாரமே இன்னொரு அட்டை அனுப்பிடுங்க, சரிதானான்னு பாத்துக்கலாம்."

நோயில்லாத ஒருத்தியின் ரத்தம் நோயில்லாத எண்ணைத்தானே காட்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாஸ் மார்க் வாங்கப் போனவள் நூற்றுக்கு நூற்றைம்பது வாங்கிவிட்டாள். மேடம் அவள் வீட்டில் இல்லாத ஒரு குழந்தைக்குச் சாப்பாடு கூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடப்போவது சிட்டு.

'மேடம், அது என் ரத்தம்' என்று சொல்ல நான்கு வார்த்தை போதும். அவள் "சரிங்க மேடம்" என்றாள்.

ஸ்பீக்கரில் பேசியதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். சிட்டுவின் அப்பா மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றினார். தங்கைக்கு ஃபோன் போட்டு, "உங்க அண்ணி பண்ணிக் காட்டிட்டா" என்றார். "நான்தான் அப்பவே சொன்னேனே, அண்ணி கெட்டிக்காரின்னு" என்றாள் நாத்தனார், அப்படி ஒருநாளும் சொல்லாதவள். சிட்டு பால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கடைசிச் சொட்டுவரை நக்கிக் குடித்தாள். தேள் கொட்டிய திருடன் கத்தவா முடியும்? அவளும் சிரித்துவைத்தாள்.

கூடுதல் பாலைக் கொடுக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "டயட் மேடமே சொல்லியாச்சு, நீ ஏன் குழந்த வயித்துல அடிக்கிற?" என்று கணவர் தானே ஊற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் அட்டையை எடுத்தபோது அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. உண்மையான ரத்தம் போனால் எண் எழுநூறைத் தாண்டும். ஒரே வாரத்தில் ஐம்பத்தெட்டு எழுநூறு ஆனது எப்படி என்று கேள்வி வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது, இனி சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டும். மறுபடி குளியலறை, மறுபடி மோதிர விரல். இந்த முறை அறுபத்து நான்கு. மேடம் இன்னும் இரண்டு பங்கு கூட்டினார். ஆறு ஒன்பதாகிவிட்டது.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. ஐம்பது துண்டுப் படத்தைப் பத்து நிமிஷத்தில் சேர்த்துவிடும் சிட்டு, நாலு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காரணமில்லாமல் அழுதாள், அழும்போதே தூங்கினாள். பள்ளி டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார்: 'இரண்டு வாரமாகக் கவனம் இல்லை. தெரிந்த எழுத்தையே தெரியாது என்கிறாள். வீட்டில் கவனிக்கவும்.' கணவர் அதைப் படித்துவிட்டு, "வெயில் காலம், சோர்வா இருக்கும்" என்றார். அவள் நோட்டை வாங்கிப் பையில் வைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் கடைக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கப் பார்வைச் சான்று வேண்டும். அவள் எதிர்ச் சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காட்டினாள். ஆறாவது வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். இத்தனை வருஷ அனுபவத்தில் அவளுக்கு அந்த வேகம் தெரியும். முன்னால் நின்றவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார். அட்டையை மாற்றினாள். மூன்றாவது வரியிலேயே மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"விடுங்க மேடம், ஒரு பேப்பர்தானே. சரியாத் தெரியுதுன்னு போட்டுக் குடுத்துடுங்க."

"பேப்பர்ல போட்டா உங்க கண்ணு சரியாயிடுமாண்ணே? எதிர்ல வர்ற குழந்தை உங்களுக்குத் தெரியணுமே, பேப்பருக்குத் தெரிஞ்சு என்ன..."

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தாள். இவ்வளவு தெரிந்தவளுக்குத் தன் வீட்டில் மட்டும் வாய் அடைத்துப்போனது ஏன் என்று அன்று முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்றைக்கே ஃபோன் செய்திருக்கலாம். செய்யவில்லை. பயம் என்பது அப்படித்தான், நியாயம் தெரிந்தவளையும் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கும்.

மூன்றாவது அட்டைக்கு நாள் வந்தது. அன்று அவசரத்தில் குளியலறைக் கதவின் தாழ் சரியாக விழவில்லை. இரண்டாவது வட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சிட்டு பல்துலக்கும் பிரஷோடு நின்றாள். அம்மாவின் விரலைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்.

"அது என் அட்டதானே?"

"ஆமா கண்ணு. உனக்கு வலிக்குமேன்னு..."

சிட்டு யோசித்தாள். இப்போதெல்லாம் எதை யோசிக்கவும் அவளுக்கு நேரமானது. பிறகு தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"என்னோடது கெட்ட ரத்தமாம்மா? வெளிய காட்டினா உனக்கு வெக்கமா இருக்குமா?"

அம்மா குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை சொன்னது உண்மை. வலிக்குமே என்பதெல்லாம் சாக்கு. அவள் வெட்கப்பட்டாள். மகளின் ரத்தம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வெட்கப்பட்டு, மகளையே மறைத்துவிட்டாள்.

அட்டையை இரண்டாகக் கிழித்தாள். கடைக்கு லீவு சொன்னாள். பத்து மணிக்குள் சிட்டுவோடு மருத்துவமனையில் இருந்தாள்.

டயட் மேடத்தின் அறை சின்னது. அலமாரி நிறைய பிளாஸ்டிக் உருளைக்கிழங்கும் பிளாஸ்டிக் ரொட்டியும், அளவு காட்டுவதற்கு. சிட்டு ஒரு பிளாஸ்டிக் ஆரஞ்சை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வரும் வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த முன்னுரையை எல்லாம் விட்டுவிட்டுச் சொன்னாள்.

"மேடம், கடைசி ரெண்டு அட்டையும் என்னோட ரத்தம். அவளோடது இல்ல. எழுதி அனுப்பின சாப்பாடும் பொய்."

மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். பின் எழுந்து முதலில் சிட்டுவிடம் போனார். ஆரஞ்சு எவ்வளவு தூரம் உருளும் என்று பந்தயம் கட்டிக்கொண்டே விரலில் குத்தி ரத்தம் எடுத்துவிட்டார். "இன்னைக்கே பாத்துச் சொல்லணும்" என்று ஆள்மூலம் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அதன்பிறகுதான் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா?"

"நீங்க தப்பா நினைப்பீங்கன்னு மேடம். எல்லாரும் நான் சரியாப் பாத்துக்கலன்னு..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

மேடம் அழவிட்டார். பிறகு சொன்னார்: "நான் அந்த எண்ண வச்சு உங்களுக்கு மார்க் போடலம்மா. அத வச்சு உங்க குழந்தைக்குச் சாப்பாடு போடுறேன். நீங்க ஐம்பத்தெட்டுன்னு காட்டினீங்க, நான் நம்பிக் கூட்டினேன். எனக்கும் சந்தேகம் வந்திருக்கணும். அவ்ளோ இறங்கினப்பவே கூப்பிட்டு நேர்ல பாத்திருக்கணும். அது என் தப்பு, அத நான் டாக்டர்கிட்ட சொல்லிக்கறேன். பாட்டில் திரும்பி வருதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா, வேற மாவு மாத்திக் குடுத்திருப்பேன். பழ வாசனைல ஒண்ணு வந்திருக்கு. அதுக்குத்தான் எழுதச் சொல்றோம்."

பழ வாசனையில் ஒன்று வந்திருக்கிறது. ஒரு வரியில் தீர்ந்திருக்கவேண்டிய விஷயம். அவளுக்கு அந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மாலையில் எண் வந்தது. ஆயிரத்து நூற்று முப்பது.

"சரியாயிடுவாளா மேடம்?"

"குறைச்சா தெளிஞ்சு வருவா. கவனம், தூக்கம், இதெல்லாம் நிறையத் திரும்பி வரும்." மேடம் அவள் கண்ணை நேராகப் பார்த்தார். "எல்லாமே வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அவளோடு பஸ்ஸில் ஏறி வீடுவரை வந்தது. அன்று இரவு கணவரிடம் எதையும் குறைக்காமல் சொன்னாள். கத்துவார் என்று நினைத்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "அந்த ஊசிய நான் ஒருநாள்கூடக் கையில எடுத்ததில்லையே" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காலைத் தராசு அவர் பொறுப்பானது. மூன்று கிராம் கூடினால் அவருக்கும் வியர்த்தது.

ஐந்து வாரம் கழிந்தது. எண் நானூற்றுப் பத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் அதிகம்தான். சிட்டு படத்துண்டுகளைச் சேர்க்க ஆரம்பித்திருந்தாள். பத்து நிமிஷ வேலைக்கு இருபது நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷம் திரும்பி வருமா என்று ஒவ்வொரு நாளும் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் கேட்க முடியாத கேள்வி அது.

மருத்துவமனை வராந்தா பெஞ்சில் அன்று அவளுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர், மடியில் தூங்கும் கைக்குழந்தையோடு இருந்தார். கிளிப் போட்ட அட்டையில் தாளை வைத்து, மூன்று நாள் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டிருந்தார். முதல் நாளை நீலப் பேனாவில் முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, கறுப்புப் பேனா இருக்குமா? எல்லாம் ஒரே பேனால இருந்தா இங்கயே உக்காந்து எழுதினது தெரிஞ்சிடும். ரெண்டு நாளா அளக்கவே முடியல, திட்டுவாங்க."

அவள் பையில் பேனா இருந்தது. எடுக்கவில்லை.

"அளக்க முடியலன்னே எழுதுங்க தம்பி."

"நீங்க சுலபமாச் சொல்லிட்டீங்க. உங்க தாளெல்லாம் சுத்தமா இருக்கும் போல. நீங்க ஒருநாளும் மாத்தி எழுதினதில்லையா?"

சிட்டு வராந்தாவில் தரைக் கட்டங்களை எண்ணியபடி நடந்துகொண்டிருந்தாள். பதினான்குக்குப் பிறகு நின்றாள், யோசித்தாள், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ரத்தத்தையே மாத்தி அனுப்பினவ. அத நம்பி அவங்க பாலக் கூட்டினாங்க. பொய் சொன்னது நான், அதக் குடிச்சது அவ. நல்ல அப்பான்னு பேர் வாங்க இங்க வராதீங்க தம்பி. புள்ள நல்லா இருக்கணும்னா, நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க."